மாடி மாடியாக வந்த பங்காளி

"போன் காணோம்னு போன்லயே புகார் குடுத்திருக்கீங்க. இதுல நான் எதை நம்பறது?" என்று கேட்டான் சில்லறை.

"லேண்ட்லைன்ல பண்ணேன்," என்றாள் இன்ஜினியர். அழுது முடித்து முகம் கழுவி வந்த கண்கள்.

மேஜர் சில்லறையின் காலை மிதித்தாள். அவன் வாயை மூட வேறு வழி இல்லை.

மேஜர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. எரியாத குடோனுக்கு நஷ்ட ஈடு கேட்கிறவர்களைப் பிடிக்கும் வேலையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் இருந்தாள். அப்புறம் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டாள். அவள் எழுந்தால் வீட்டில் எல்லோரும் எழுந்தாக வேண்டும் என்பதால் குடும்பம் வைத்த பெயர்தான் மேஜர். சில்லறை அவளுடைய கணவனின் கடைசித் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காமல் அண்ணியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். வாயிலிருந்து எந்நேரமும் பேச்சு சிதறிக்கொண்டே இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். தோளில் ஒரு பெரிய பை. டார்ச், ஸ்க்ரூடிரைவர், பையின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த அண்ணியின் மடக்குக் குடை, மாற்றுச் செருப்பு, தன்னுடைய டிபன் டப்பா என்று அதில் ஒரு குடித்தனமே இருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றாள் மேஜர்.

அது ஒரு பழைய கட்டடம். இரண்டு பேஸ்மென்ட், அதற்கு மேல் நான்கு மாடி, மொட்டை மாடி. ஒரு முழம் தடிமனுள்ள சுவர்கள். மொட்டை மாடிக்குப் போனால் டவர் கிடைக்கும், ரோட்டில் இறங்கினால் கிடைக்கும். நடுவில் எங்கேயும் கிடைக்காது. அதனால்தான் இன்ஜினியர் முதல் மாடியில் ஆபீஸ் போட்டிருந்தாள். அவள் கண்டுபிடித்த மென்பொருளைச் சோதிக்க இதைவிட மோசமான கட்டடம் ஊரில் இல்லை.

"மென்பொருள் பேரு பங்காளி," என்றாள் இன்ஜினியர். "ஒரு போன் தனக்குக் கிடைக்கிற நெட்டைப் பக்கத்து போனுக்குக் குடுக்கும். அது அதுக்குப் பக்கத்து போனுக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி, டவரே இல்லாத இடத்துக்கும் போயிடும். யாரு யாருக்குக் குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு ஒரு போன் உத்தரவு போடும். அதுதான் மூத்த போன். மத்தியானம் என் மேஜையில இருந்துச்சு. கை கழுவிட்டு வந்து பாத்தா காணோம்."

"வேற போன்ல ஏத்திக்க முடியாதா?"

"ஏத்தலாம் மேடம். மத்த போனெல்லாம் அதை மூத்ததுன்னு ஏத்துக்க ரெண்டு நாள் ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கு மீட்புப் படை அதிகாரிங்க வர்றாங்க. இடிஞ்ச கட்டடத்துக்குள்ள மாட்டினவங்க, சுரங்கத்துல மாட்டினவங்க, அவங்க கையில இருக்கிற சாதாரண போன்லயே வெளியில பேச முடியும்னு காட்டணும். இன்னைக்கு விட்டா வேற கம்பெனியோட பெட்டியை வாங்கிடுவாங்க. ஆளுயரப் பெட்டி மேடம் அது. இடிபாட்டுக்குள்ள அதை யாரு தூக்கிட்டுப் போவா?"

பக்கத்தில் நின்றிருந்த இளைஞன் ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். நல்ல உயரம், அடக்கமான முகம்.

"இவர் என் பெரியப்பா பையன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செஞ்சோம்," என்றாள் இன்ஜினியர்.

"ஓ, நெசமான பங்காளி!" என்றான் சில்லறை. "மென்பொருளுக்குப் பேரு வைக்க வெளியில தேடவே வேண்டாமே!"

பெரியப்பா மகன் சிரித்தான். "நான் அப்ப கீழ ரெண்டாவது பேஸ்மென்ட்ல வண்டியைத் துடைச்சுட்டிருந்தேன். தங்கச்சி கால் பண்ணி விஷயத்தைச் சொன்னா. துணியை அங்கேயே போட்டுட்டு ஓடி வந்தேன் மேடம். அந்த நிமிஷமே கேட்டைச் சாத்தச் சொல்லிட்டோம். வெளிய போறவங்க எல்லாரையும் செக்யூரிட்டி தடவிப் பாத்துதான் விடறாரு." பிறகு சில்லறையின் பையைப் பார்த்தான். "இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு எதுக்குத் தம்பி அலையணும்? குடுங்க, வெளிய நிக்கற உங்க வண்டியில வெச்சுட்டு வந்துடறேன்."

"உள்ள என் சாப்பாடு இருக்கு," என்று பையை இறுக்கிக்கொண்டான் சில்லறை. "அண்ணியையே நம்பிக் குடுக்க மாட்டேன்."

மேஜர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "போன் இன்னும் கட்டடத்துக்குள்ளதான் இருக்குன்னு எப்படிச் சொல்றே?"

"இந்த மாடியில நெட் வந்து வந்து போகுது மேடம். சோதனைக்காக இன்னைக்கு ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தேன். கட்டடத்துல எல்லாரு போன்லயும் பங்காளியை ஏத்தி, மொட்டை மாடியில ஒரு போனை வெச்சிருக்கேன். பந்தி மாதிரி வெச்சுக்குங்க. மொட்டை மாடியிலேர்ந்து வாளி கைமாறி வரும். நடுவில இருக்கிற போனெல்லாம் வாளியைக் கடத்தி விடும், ஆனா சாப்பிடாது. மூத்த போன் எந்த மாடியில இருக்கோ, அந்த மாடிக்கு மட்டும்தான் இலை. மாத்தணும்னா மூத்த போன்லதான் மாத்தணும். அதை அணைக்கவும் முடியாது. இடிபாட்டுல கை தவறி அணைஞ்சிடக் கூடாதேன்னு பூட்டு போட்டிருக்கேன். அந்த எண் எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப எந்த மாடியில ஜனங்க சந்தோஷமா இருக்காங்களோ, அங்கதான் திருடன் இருக்கான்," என்றாள் மேஜர். "வாங்க."

நால்வரும் இரண்டாம் மாடிக்கு ஏறினார்கள். பெரியப்பா மகன் வழிகாட்டினான்.

இரண்டாம் மாடியில் டெய்லர் கடை. டெய்லர் தையல் மெஷின் மேல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். இவர்கள் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் அவருடைய போன் கிணிகிணிகிணி என்று மூச்சு விடாமல் அடித்தது. டெய்லர் துள்ளி எழுந்தார்.

"வந்துடுச்சு! மேட்ச் வந்துடுச்சு! ஐயோ, அவுட்டா? எப்பய்யா அவுட் ஆனான்?"

"ஆள் இங்கதான் இருக்கான் அண்ணி!" என்று கத்திக்கொண்டே சில்லறை துணி மூட்டைக்குள் தலைகீழாகப் பாய்ந்தான். பெரியப்பா மகன் அலமாரியைத் திறந்தான். இன்ஜினியர் கட்டிங் மேஜைக்கு அடியில் பார்த்தாள். அகப்பட்டது இரண்டு கத்தரிக்கோல், ஒரு கால் மட்டும் உள்ள பேன்ட், ஒரு வாடிக்கையாளர் ஒரு மாதமாகச் சண்டை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அதன் இன்னொரு கால்.

"இங்க இல்ல. மேல போயிருப்பான்," என்றான் பெரியப்பா மகன்.

மூன்றாம் மாடியில் பல் டாக்டர். அவர்கள் படியேறி முடித்ததும் கீழேயிருந்து டெய்லரின் ஓலம் கேட்டது. "போயிடுச்சு! கடைசி ஓவர்ல போயிடுச்சே!" அதே நொடியில் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரின் சட்டைப் பைக்குள் போன் அலறியது. அவர் வாயை மூடாமலே "ஆவோ" என்றார்.

"அசையாதீங்க!" என்றார் டாக்டர்.

"டாக்டர், அவரையா என்னையா?" என்றான் சில்லறை.

"ரெண்டு பேரையும்!"

எக்ஸ்ரே அறை, மருந்து அலமாரி, பொய்ப்பற்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார்கள். பொய்ப்பற்கள்தான் இவர்களைப் பார்த்துச் சிரித்தன. திருடன் நான்காம் மாடிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

நான்காம் மாடி பியூட்டி பார்லர். பச்சை நிறத்தில் ஏதோ பூசிய முகத்துடன் ஒரு அம்மாள் சாய்ந்திருந்தாள். இவர்கள் கதவைத் தள்ளியதும் அவளுடைய போனில் வீடியோ கால் வந்தது. திரையில் தெரிந்த அவளுடைய மகன், "அம்மா, யாரோ உன் போனைத் திருடிட்டாங்க, ஒரு பூதம் எடுத்துப் பேசுது!" என்று கத்தினான்.

"நான்தாண்டா பூதம், பேசு!" என்றாள் அம்மாள்.

சில்லறைக்கு மூச்சு வாங்கியது. "அண்ணி, இவன் சாதாரணத் திருடன் இல்ல. நாம எங்க போறோம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு அங்க வந்து நிக்கறான். நாம வந்ததும் மாயமாயிடறான். எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு, அவன் நம்மளைத் துப்பறியறான்!"

மேஜர் பார்லரின் பெரிய கண்ணாடி முன் நின்றாள். கண்ணாடியில் நால்வரும் தெரிந்தார்கள். இன்ஜினியர் நகம் கடித்தாள். பெரியப்பா மகன் நெற்றியைத் துடைத்தான். சில்லறை பையைத் தோள் மாற்றினான்.

மேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் கீழ வாங்க. டெய்லர் கடைக்கு."

"திரும்பவுமா?" என்றான் சில்லறை. "அண்ணி, என் முட்டி வாடகைக்கு எடுத்ததில்ல."

இறங்கினார்கள். டெய்லர் கடை வாசலில் கால் வைத்ததும் உள்ளே கிணிகிணிகிணி. "வந்துடுச்சு! ஆனா தோத்துட்டோமே!" என்றார் டெய்லர்.

மேஜர் படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்து மேலே குரல் கொடுத்தாள். "டாக்டர்! நெட் வந்தா சத்தம் போடுங்க!"

"பல்லைப் பிடுங்கிட்டிருக்கேன்!"

"பிடுங்கிட்டே சொல்லுங்க!"

அவள் இன்ஜினியரிடம் திரும்பினாள். "நீ மட்டும் மூணாம் மாடிக்குப் போம்மா." இன்ஜினியர் போனாள். மேலே ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்தாள்.

"இப்ப நீங்க போங்க தம்பி."

பெரியப்பா மகன் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்த முகத்துடன், இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனான். இன்ஜினியர் மேலே பார்த்தாள். மேஜரும் பார்த்தாள்.

"வரலை!" என்று கத்தினார் டாக்டர்.

அவன் இறங்கி வந்தபோது இன்ஜினியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கண்ணா. ஒரு நிமிஷம் உன்னையே நெனச்சிட்டேன்."

"பரவாயில்லம்மா," என்றான் அவன்.

"சில்லறை, நீ போ," என்றாள் மேஜர்.

"நானா? அண்ணி, நான் உங்க சொந்தக் கொழுந்தன்!"

"அதனாலதான் கடைசியில சொன்னேன். போ."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். அவன் தலை மூன்றாம் மாடியின் தளத்துக்கு மேலே தெரியும் முன்பே டெய்லர் "போச்சு!" என்றார். மேலேயிருந்து டாக்டரின் குரல் இடியாக இறங்கியது: "வந்துடுச்சு! பல்லும் வந்துடுச்சு!"

படிக்கட்டில் சில்லறை சிலையானான். கீழேயிருந்து மூன்று ஜோடிக் கண்கள் அவனையே பார்த்தன.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் சொன்னதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

"இறங்கி வந்து பையைக் கொட்டு."

கட்டிங் மேஜையில் கொட்டினான். டார்ச் உருண்டது, செருப்பு விழுந்தது, டிபன் டப்பா மூடி திறந்து எலுமிச்சை சாதத்தின் மணம் கடையெல்லாம் பரவியது. மேஜர் தன் மடக்குக் குடையை எடுத்து விரித்தாள். பொத்தென்று ஒரு கறுப்பு போன் துணிகளின் மேல் விழுந்தது.

இன்ஜினியர் அதை இரண்டு கைகளாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. "இவரா மேடம்? உங்க ஆளேவா?"

"பாத்தாலே திருட்டு முழி," என்றான் பெரியப்பா மகன். "அதான் பையைக் குடுக்க மாட்டேன்னு சொன்னாரு!"

"அண்ணி!" என்றான் சில்லறை பரிதாபமாக. "நாமளே இங்க வந்தது போன் திருடு போனப்புறம்தானே! அதை அவங்களுக்குச் சொல்லுங்களேன்!"

"சொல்றேன், இரு." மேஜர் குடையை நிதானமாக மடக்கினாள். "தம்பி, போன் காணோம்னு தெரிஞ்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"சொன்னேனே மேடம். ரெண்டாவது பேஸ்மென்ட்ல."

"தங்கச்சி எப்படிச் சொன்னா?"

"கால் பண்ணா. லேண்ட்லைன்லேர்ந்து என் மொபைலுக்கு."

"தெளிவாக் கேட்டுதா?"

"ரொம்பத் தெளிவா..."

அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

மேஜரின் குரல் மிருதுவாக இருந்தது. அவள் அப்படிப் பேசினால் பயப்பட வேண்டும் என்பது சில்லறைக்குத் தெரியும். "பேஸ்மென்ட்ல டவர் கிடையாது. மூத்த போன் இருக்கிற மாடிக்கு மட்டும்தான் இலை. அந்த போன் வேற எவன் கையிலயாவது இருந்திருந்தா, உங்க மொபைல் அங்க வெறும் கண்ணாடிச் சில்லு. கால் வந்துச்சுன்னா, மூத்த போனும் அங்கதான் இருந்துச்சு. உங்க சட்டைப் பையில."

டெய்லர் "அட!" என்றார்.

"வண்டியில ஏறிக் கிளம்பப் போனீங்க. அதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க. வர்றவன் போறவனை எல்லாம் தடவிப் பாக்கறாங்க. துப்பறிய வந்தவங்க பையை யாரு திறப்பா? தண்ணி குடுக்கறப்ப குடைக்குள்ள சொருகிட்டீங்க. எங்க வண்டியில வெச்சுடறேன்னு கேட்டீங்க. இவன் சாப்பாட்டு மேல வெச்ச பாசம் உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சு."

இன்ஜினியர் அவனையே பார்த்தாள். "ஏண்ணா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பேட்டி எடுக்க வர்றவங்க உன்னைத்தான் கேக்கறாங்க. அதிகாரிங்க உன்கிட்டதான் பேசறாங்க. ராத்திரி பகலா நானும்தான் எழுதினேன். என்னை வயர் சுத்தறவன்னு நெனச்சு டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அந்தப் பெட்டி கம்பெனிக்காரங்க எனக்குன்னு தனி லேப் தரேன்னாங்க. மூத்த போனோட வரச் சொன்னாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பேரைக் குடுத்திருப்பே. கேட்டு வாங்கப் பிடிக்கல. அதான் சொல்லல."

கீழே வாசலில் ஜீப் வந்து நிற்கும் ஓசை கேட்டது. நாலு மணி.

மீட்புப் படையிலிருந்து இரண்டு அதிகாரிகள். பெரியவர் பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. "நான் ரெண்டாவது பேஸ்மென்ட் பம்ப் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். அங்கேருந்து இவருக்கு கால் வரணும்," என்று ஜீப்பருகே நின்ற சின்னவரைக் காட்டிவிட்டு, தன் சொந்த போனில் பங்காளியை ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார். பம்ப் ரூமின் இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தம் கட்டடம் முழுக்க அதிர்ந்தது.

மேஜர் பட்டாளத்துக் குரலை வெளியே எடுத்தாள். கட்டடத்தில் இருந்தவர்கள் மாடிக்கு ஒருவராகப் படிக்கட்டில் போனோடு நின்றார்கள். டாக்டர் மொட்டை மாடிப் படியில், பச்சை முகத்து அம்மாள் நான்காம் மாடியில், வாயில் பஞ்சோடு ஒருவர் மூன்றில், டெய்லர் இரண்டில், சில்லறை முதல் மாடியில். செக்யூரிட்டி முதல் பேஸ்மென்ட் வாசலில். "யாரும் அசையக் கூடாது! தும்மல் வந்தா முழுங்குங்க!"

இன்ஜினியர் வாசற்படியில் நின்று மூத்த போனின் பூட்டைத் திறந்தாள். பந்தியைப் பம்ப் ரூமுக்கு மாற்றினாள். திரையில் பச்சைப் புள்ளிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. முதல் பேஸ்மென்ட்டோடு நின்றுவிட்டன. அதற்குக் கீழே இருட்டு.

ஜீப்பருகே நின்ற சின்ன அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜினியர் திரையை மறுபடி மறுபடி தட்டினாள்.

வாசல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்த பெரியப்பா மகன் எழுந்தான். "கீழ படி திரும்பற இடத்துல அறுந்து போகும். அங்க சுவர் ரெட்டைச் சுவர். வளைவுல ஒரு போன் நிக்கணும். மத்தியானம் செக்யூரிட்டி அங்க உக்காந்து சாப்பிட்டாரு, அதான் எனக்கு கால் வந்து..."

வளைவில் நிறுத்த வேறு ஆள் மிச்சம் இல்லை. மேஜரின் போன் பழைய பட்டன் போன்.

இன்ஜினியர் அண்ணனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"போய் நில்லு," என்றாள்.

அவன் ஓடினான். இரண்டாவது பேஸ்மென்ட்டுக்குத் திரும்பும் இருண்ட வளைவில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் ஒரு புதுப் புள்ளி எரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

ஜீப்பருகே போன் அடித்தது. சின்ன அதிகாரி ஸ்பீக்கரில் போட்டார். "ஹலோ, நல்லாக் கேக்குது!" என்றது பெரியவரின் குரல். "இங்க ஒரே இருட்டு. ஒரு எலி என் பூட்ஸ் மேல உக்காந்திருக்கு. சோதனை போதும், கதவைத் திறங்கய்யா!"

படிக்கட்டு முழுவதும் ஆரவாரம். சில்லறை முதல் மாடியிலிருந்து கைப்பிடியில் சறுக்கியே வந்து சேர்ந்தான். பல் பிடுங்கப்பட்டவர் பஞ்சைத் துப்பிவிட்டு விசிலடித்தார். மேலே வந்த பெரியவர் இன்ஜினியரின் கையைக் குலுக்கி, "நாளைக்கே பத்துக் குழுவுக்குப் பயிற்சி குடுக்க வர முடியுமா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

எல்லோரும் வாசலுக்கு நகர்ந்த பிறகு அவள் மூத்த போனைப் பார்த்தாள். சங்கிலியின் கடைசிக்கு முந்திய புள்ளியில் "அண்ணா" என்று எழுதியிருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள். 'நீக்கவா?' என்று கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு அழுத்தினாள்.

பெரியப்பா மகன் படியேறி வந்தான். தன் போனைப் பார்த்தான். நெட் இல்லை. தங்கச்சியைப் பார்த்தான்.

"ரோட்டுக்குப் போனா டவர் கிடைக்கும்ணா," என்றாள் அவள். "நீ எழுதினது எதையும் என்னுதுன்னு சொல்ல மாட்டேன். உன் பேரு அதுல இருக்கும். ஆனா நீ இங்க வேண்டாம்."

அவன் தலை குனிந்து நடந்தான். மேஜரும் சில்லறையும் அவனுக்குப் பின்னால் போனார்கள். கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததும் அவன் போனில் டவர் வந்தது. வந்த கையோடு மணியும் அடித்தது. திரையைப் பார்த்தவனின் முகம் வெளிறிப்போனது.

"பெட்டிக்காரங்களா?" என்றாள் மேஜர்.

அவன் தலையசைத்தான். அவள் கையை நீட்டினாள். ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தான்.

"என்னய்யா, சரக்கு கையில வந்தாச்சா?" என்றது மறுமுனை.

"வந்தாச்சு," என்றாள் அவள். "மேஜர் பேசறேன். நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்களோ அங்கேயே இருங்க, நான் வந்துட்டிருக்கேன்."

மறுமுனையில் ஏதோ பீங்கான் விழுந்து உடையும் சத்தம் கேட்டது.